கேள்வி-பதில்: சொக்சோ (மலேசியத் தொழிலாளர் காப்புறுதி) பணத்தில் முதல் வீடு

கே: செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. சொக்சோவில் நிரந்தர ஊனத்துக்கு மாதம் 1,250 வெள்ளி வருகிறது. வயது 45. மனைவி பேக்டரியில் பிடித்தம் போக 1,500 வாங்குகிறார். மோட்டார் தவணை 220. டவுனில் 150,000 வெள்ளிக்கு ஒரு டெரஸ் வீடு பார்த்தோம். பே ஸ்லிப் இல்லையென்று பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
- லைன் வீட்டுக்காரர், சுங்கை சிப்புட்

ப: கவுண்டரோடு திரும்பாதீர்கள், வீட்டு லோன் அதிகாரியை நேரில் பாருங்கள். சொக்சோவில் இரண்டு விதப் பணம் உண்டு. மெடிக்கல் லீவில் இருக்கும்போது வரும் தற்காலிகத் தொகை ஒருநாள் நின்றுவிடும், அதைப் பேங்க் கணக்கில் எடுக்காது. உங்களுடையது ஆயுளுக்கும் வருவது. அந்த வித்தியாசத்தைச் சொல்வது அவர்கள் அனுப்பிய ஒப்புதல் கடிதம்தான். கடிதம் தொலைந்திருந்தால் ஈப்போ சொக்சோ அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் விழும் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு, மனைவியின் பே ஸ்லிப், இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள்.

இனிக் கணக்கு. பத்து சதவீத முன்பணம் போக லோன் 135,000. பெரும்பாலும் 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் தவணை. உங்களுக்கு 25 ஆண்டு. 4.2 சதவீத வட்டியில் மாதம் சுமார் 728. மோட்டாரையும் சேர்த்தால் 948. உங்கள் பெயரில் மட்டும் போட்டால் வருமானத்தில் 76 சதவீதம் கடனுக்கே போகிறது, பேங்க் மறுக்கும். மனைவியையும் சேர்த்தால் 34 சதவீதம்தான். கூட்டு விண்ணப்பமாகப் போடுங்கள்.

ஒரே வாரத்தில் ஐந்து பேங்கில் போட வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் சிசிரிஸ் என்ற கடன் பதிவில் தெரியும். முன்பணத்துக்காகச் சொக்சோ தொகையின் ஒரு பகுதியை மொத்தமாக எடுக்கும் யோசனையும் வேண்டாம். ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கை அப்படி எடுக்க முடியும். ஆனால் மாதாமாதம் வருவது குறையும், கூடவே உங்கள் லோன் தகுதியும்.

கே: பிரிட்ஜ் தவணை நாலு மாதமாகக் கட்டவில்லை. இப்படியே வீட்டு லோன் கிடைக்குமா?

ப: கிடைக்காது. கட்டி முடியுங்கள், பிறகு பன்னிரண்டு மாதம் பொறுங்கள்.

கே: அப்பாவுக்குப் பக்கவாதம், சொக்சோவின் இலாட் (உடல் இயலாமை) பென்ஷன் வாங்குகிறார். ‘சிசிரிஸைச் சுத்தம் செய்து, பே ஸ்லிப்பும் ரெடி பண்ணித் தருகிறேன்’ என்று ஓர் ஏஜெண்ட் 1,500 வெள்ளி வாங்கினான். இப்போது போன் எடுப்பதில்லை.
- மகள், தாப்பா

ப: அம்மா, ஏமாந்ததற்காக வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் போனை எடுக்காமல் இருக்கிறான்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீர்வதில்லை. சிசிரிஸ், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பதிவு. அதில் இருப்பது பேங்குகள் அனுப்பிய தகவல். தப்பாக இருந்தால், அனுப்பிய பேங்க்தான் திருத்த வேண்டும். சரியாக இருந்தால் எவனாலும் அழிக்க முடியாது. நம் அறிக்கையை இசிசிரிஸ் இணையத்தளத்தில் காசில்லாமல் நாமே பார்க்கலாம். கடன் முறுக்கிக்கொண்டால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பில் ஆலோசனையும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை 1,500 வெள்ளிக்கு விற்கிறார்கள். போலிப் பே ஸ்லிப் அதைவிட மோசம். ஆயுளுக்கும் வரும் இலாட் பென்ஷன் அப்பாவிடம் இருக்க, இல்லாத சம்பளத்தைக் காட்டி அவரைக் குற்றவாளியாக்குவானேன்? அந்த ஸ்லிப் எந்தப் பேங்குக்கும் போகக்கூடாது.

வாட்சாப் உரையாடல், பணம் போட்ட ரசீது இரண்டையும் பிரிண்ட் எடுத்துப் போலீஸ் புகார் செய்யுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வரம்பு 50,000, வக்கீல் தேவையில்லை.

கே: கால் ஊனம், வீட்டிலேயே தைக்கிறேன். பே ஸ்லிப் கிடையாது.

ப: எஸ்ஜேகேபி என்ற அரசு உத்தரவாதத் திட்டம் நிரந்தரச் சம்பளம் இல்லாதவர்களுக்காகவே 2008-இல் வந்தது. அதில் சேர்ந்த பேங்கில் கேளுங்கள். தையல் கூலியை டப்பாவில் போடாமல் இன்றே கணக்கில் போடத் தொடங்குங்கள். ரசீதுப் புத்தகமும் எழுதுங்கள்.

கே: புக்கிங் 3,000 கட்டிவிட்டேன். பாஜாக்கான் (நிலக் குத்தகை) இன்னும் 38 ஆண்டுதான் என்கிறார்கள். பேங்க் மறுக்கிறது.

ப: காசு கட்டிய பிறகா நிலத்தைப் பார்ப்பது? நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்திருந்தால் ஆண்டுக்கணக்கு, மலாய் ரிசர்வ் (மலாய்க்காரருக்கு ஒதுக்கிய நிலம்), வில்லங்கம் எல்லாம் ஒரே தாளில் வந்திருக்கும். சீலிங்கை அண்ணாந்து பார்க்காமல் வீடு வாங்கி, முதல் மழைக்கே வாளி வைத்தவன் நான், அதனால் இத்தோடு விடுகிறேன். புக்கிங் பாரத்தில் ‘லோன் கிடைக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேங்கின் மறுப்புக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். இல்லையென்றால் ஏஜெண்டின் தயவுதான்.

கே: எம்ஆர்டிஏ என்ற வீட்டுக்கடன் காப்புறுதி எடுக்காவிட்டால் லோனே கிடையாதாம். எனக்கோ டயாலிசிஸ்.

ப: சட்டத்தில் அப்படிக் கட்டாயமில்லை, சில பேங்குகள் எடுத்தால் வட்டியைக் குறைக்கும். கூட்டு லோன் என்றால் மனைவி பெயரில் எடுக்கக் கேளுங்கள். ஆனால் உடல்நிலைப் பாரத்தில் டயாலிசிஸை மறைக்காதீர்கள். மறைத்தால் பிரிமியம் மட்டும்தான் போகும், கிளைம் வராது.