எண்ணெய்க்குள் மின்புலத்தை ஒளியால் அளப்பது எப்படி?

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குள் எந்த இடத்தில் மின்புலம் எவ்வளவு என்று வெறும் ஒளியை வைத்தே அளக்கிறார்களாமே? மீட்டரை உள்ளே விட்டால் என்ன?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: மீட்டரின் முனை உள்ளே போனதுமே அங்கிருந்த மின்புலம் வளைந்துவிடும் அம்மா.

எண்ணெய்ப் பரிசோதனை மேசையில் பல வருடம் நின்றவன் நான். கிண்ணத்தில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு பித்தளைத் தலைகள். வோல்டேஜை நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏற்றுவோம். டப்பென்று பொறி பறக்கும். அந்த இடத்தில் கறுப்பாக நூல்போல ஒரு புகை. இப்படி 6 தடவை செய்து, பொறி பறந்த வோல்டேஜுக்குச் சராசரி எடுப்போம். ஒரே எண்ணெய்தான், ஆனாலும் 6 தடவையும் வேறு வேறு எண் வரும். பொறிக்கு முந்தைய கணத்தில் உள்ளே என்ன நடந்தது என்று அந்த எண்கள் சொன்னதேயில்லை. உலோகத்திலிருந்து எண்ணெய்க்குள் மின்னூட்டம் இறங்கிவிடுவதால் ஏட்டுக் கணக்கும் பொய்த்துப்போகும்.

ஒளி அந்தப் புலத்தைக் கலைக்காமல் கடந்து போகும். 1875-இல் கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய ஜான் கெர் கண்டது இது: மின்புலத்தில் இருக்கும் பொருளில், புலத்தின் திசையில் அதிரும் ஒளி ஒரு வேகத்தில் போகும், குறுக்கே அதிர்வது இன்னொரு வேகத்தில் போகும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே கிண்ணத்தை வையுங்கள், இருட்டாக இருக்கும். வோல்டேஜ் கொடுத்தால் வெளிச்சம் கசியும். புலம் இரட்டித்தால் அந்த வேக வித்தியாசம் நான்கு மடங்காகும். நைட்ரோபென்சீன் என்ற திரவத்தில் இது நன்றாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலோ ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதோடு டோமோகிராபி என்ற முறையும் சேரும்: பல பக்கமிருந்து பார்த்து உள்ளே இடத்துக்கு இடம் என்ன இருக்கிறது என்று கணக்கிடுவது. அது எதற்கு? கதிர் கொண்டுவருவது வழி நெடுகச் சேர்ந்த மொத்தத்தை. இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவே என்றால் அதுவே போதும். ஊசிமுனைக்கு எதிரே தகடு என்றால் புலத்தின் அளவும் திசையும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் சி.டி. ஸ்கேன் மாதிரி பல கோடுகளில், பல கோணங்களில் ஒளியை விட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வெறும் கூட்டல். இங்கே ஒளி எந்த இடத்தை முதலில் கடந்தது என்பதும் விடையை மாற்றும்; கஷ்டம் அங்கேதான். ஊசியைச் சுற்றிப் புலம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஸான் குழுவினர் செய்தது போல, வெளி வளையத்தை முதலில் கணக்கிட்டு, அதைக் கழித்து, அடுத்த வளையத்துக்குப் போவது. வெங்காயம் உரிப்பது என்றே அதற்குப் பெயர்.

இதெல்லாம் கண்ணாடிச் சன்னல் வைத்த ஆய்வகத் தொட்டியில்தான் நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் செம்புச் சுருளும் காகிதமும் அடைத்துக்கொண்டிருக்க, ஒளி போக வழி ஏது?