போஸ்டரில் ஏறும் கோடிகள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு நண்பர்கள். எந்தப் படம் வந்தாலும் விவாதம்தான். ஒருவன் ஒரு ஃப்ரேமை நிறுத்திக் காட்டி "இதுதான் டைரக்டர் ஸ்டைல்" என்பான். இன்னொருவன் வசூல் போஸ்டரைக் காட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிடுவான். ஒரே படத்துக்கு மூன்று பேர் மூன்று தொகை சொல்கிறார்களே, எதை நம்புவது? இருட்டும் பின்னொளியும்தான் மணிரத்னம் பாணி என்கிறார்கள். அது ஒளிப்பதிவாளருடையது இல்லையா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ருசி அதில்தான்.

உங்கள் சந்தேகம் சரி. 'நாயகன்' (1987) படத்தில் மேலிருந்து விழும் வெளிச்சம், 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், இவற்றில் பெரும்பங்கு ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுடையது. அவரே இயக்கிய 'குருதிப்புனல்' (1995) பாருங்கள், அந்த இருட்டு அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும். மணிரத்னமோ ஆளை மாற்றிக்கொண்டே போனவர். 'தளபதி', 'ரோஜா' சந்தோஷ் சிவன். 'பம்பாய்' ராஜீவ் மேனன். 'கன்னத்தில் முத்தமிட்டால்' ரவி கே. சந்திரன், 'பொன்னியின் செல்வன்' ரவி வர்மன். ஒளியும் நிறமும் படத்துக்குப் படம் மாறுகின்றன. கேமராமேன் மாறியும் எது மாறாமல் நிற்கிறதோ, அதைத்தான் இயக்குநர் கணக்கில் எழுத வேண்டும்.

'தளபதி'யில் ஒரு கோயில் காட்சி. சூர்யாவும் அவனைப் பெற்ற கல்யாணியும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாது. எங்கோ ரயில் கூவுகிறது. குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்டவள் அவள், விடப்பட்டவன் அவன். இருவரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான். வசனம் எதுவும் இல்லை. இதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் என்ன கிடைக்கும்? கோயிலில் நிற்கும் சில பேர். யாரை எங்கே நிறுத்துவது, எந்த நொடியில் திரும்ப வைப்பது, எந்தச் சத்தத்தை முன்னால் விடுவது என்ற முடிவுகள் எதுவும் அந்த ஒற்றைப் படத்தில் தெரியாது. நல்ல ஸ்டில் என்பது விளம்பரத்துக்கு. உங்கள் நண்பர் காட்டுவதும் அதைத்தான்.

(இயக்குநர் மிஷ்கினை இன்னும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். 'அஞ்சாதே'வுக்கும் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்துக்கும் ஒளிப்பதிவாளர்கள் வேறு. ஆனால் கேமரா கால்களைத்தான் முதலில் பார்க்கும். சில சமயம் அது எனக்கே சலிப்பூட்டும், அது வேறு விஷயம்.)

சரி, வசூலுக்கு வருவோம். மூன்று பேர் சொல்வதும் மூன்று வெவ்வேறு சமாசாரங்களாக இருக்கலாம். கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. இவை போக மிஞ்சுவது நெட். 100 கோடி கிராஸ் என்றால் நெட் ஏறக்குறைய 80. அதில் தியேட்டர்காரர் பங்கைக் கழித்தால் வருவது ஷேர். பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் விநியோகஸ்தர் கை ஓங்கியிருக்கும், பிறகு தியேட்டர் பக்கம் சாயும். போஸ்டரில் போடுவது பெரும்பாலும் கிராஸ்தான், வெளிநாட்டையும் சேர்த்து.

அந்த கிராஸையாவது யார் எண்ணுகிறார்கள்? தென்கொரியாவில் அரசு சார்ந்த திரைப்படக் குழு நாடு முழுக்க டிக்கெட் விற்பனையைக் கணினியில் இணைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் வெளியிடுகிறது. அங்கே பெருமை பேசுவதே தலைக்கணக்கில்தான், ஒரு கோடிப் பேர் பார்த்தால் கொண்டாட்டம். இங்கே தியேட்டர் கொடுக்கும் டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் கணக்கு, விநியோகஸ்தரிடம் போகிறது, அவரிடமிருந்து தயாரிப்பாளரிடம். வெளியே இருப்பவர் ஆன்லைன் புக்கிங்கில் நிரம்பிய இருக்கைகளை எண்ணி, ஆன்லைனுக்கே வராத ஊர்களுக்கு உத்தேசமாக ஒன்றைக் கூட்டிச் சொல்கிறார். அந்த உத்தேசத்தில்தான் மூன்று தொகைகளும் பிரிகின்றன. தயாரிப்பாளர் போடும் தொகையைச் சரிபார்ப்பவரும் யாரும் இல்லை.

முன்பு நாள் கணக்கு இருந்தது. அதுவும் புனிதமில்லை. 'சந்திரமுகி' (2005) பெரிய வெற்றிதான், மறுப்பில்லை. ஆனால் அது 800 நாளுக்கு மேல் ஓடிய சென்னை சாந்தி தியேட்டர், அப்போது படத்தைத் தயாரித்த குடும்பத்துக்கே சொந்தம்.

ஆகவே வசூலைப் பேசவே வேண்டாமா என்றால், பேசுங்கள். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். கோவை ஏரியாவின் விநியோக உரிமை என்ன விலைக்குப் போனது? எம்.ஜி.யா (மினிமம் கேரண்டி, திருப்பித் தராத தொகை), அட்வான்ஸா? எம்.ஜி. என்றால் ஷேர் குறையும்போது நஷ்டம் வாங்கியவர் தலையில். அட்வான்ஸ் என்றால் குறைந்ததைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். 200 கோடி போஸ்டர் ஒட்டிய படத்துக்கும் விநியோகஸ்தர்கள் பணம் கேட்டு நிற்பது இப்படித்தான். திருப்பூரும் கோவை ஏரியாவில்தானே வருகிறது? உங்கள் ஊர் தியேட்டர் மேனேஜரிடம் படம் வந்த இரண்டாவது திங்கட்கிழமை மாலைக் காட்சிக்கு எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.