சின்ன வயதில் புற்றுநோய் வந்து குணமானவர்கள், ‘செட்டில் ஆகிவிட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்

தங்கை, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, கீமோ எடுத்துக் குணமாகி, இப்போது கல்யாணமாகி வெளிநாடு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. வீடு எப்படிப் பிடிப்பது, லைசன்ஸ் எப்போது எடுப்பது, குளிருக்கு என்ன வாங்குவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசி வரியில்தான் அதைக் கேட்டிருக்கிறீர்கள்: பழைய நோயை இங்குள்ள டாக்டரிடம் சொல்ல வேண்டுமா, குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? மாதவிடாய் ஒழுங்காக வருவதால் ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கும் லைசன்ஸுக்கும் குளிர்கால ஆடைகளுக்கும் வழி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். நான் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எனக்குப் பதினோரு வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் புற்றுநோய். கீமோவும் நெஞ்சில் ரேடியேஷனும் ஆனவள். உங்களைப் போலத்தான் நானும் பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கினேன்.

டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே, அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். ‘எல்லோரும்’ சொல்கிறார்களே, அதைக் காதில் வாங்காதீர்கள். அவர்கள் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் உடம்பும் உங்கள் உடம்பும் ஒன்றில்லை. ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்க வேண்டிய கருமுட்டைகள் பிறக்கும்போதே சினைப்பையில் இருக்கின்றன. புதிதாக ஊறுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்பான், மெல்பலான் போன்ற மருந்துகள் அந்த இருப்பை அழிக்கக்கூடியவை. எவ்வளவு அழியும் என்பது மொத்த அளவைப் பொறுத்தது. வயிற்றுக்கும் இடுப்புக்கும் கொடுத்த ரேடியேஷனும் அப்படித்தான். மிஞ்சிய முட்டைகளை வைத்துக்கொண்டே உடம்பு பல வருடம் மாதவிடாயை ஒழுங்காக நடத்திவிடும். பிறகு மற்றவர்களுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே, நாற்பது வயதுக்கு முன்பே, நின்றுவிடலாம். எனக்கு 36 வயதில் நின்றது. மாதவிடாய் சரியாக வருகிறது என்பது இன்றைய நிலவரம் மட்டும்தான். கையிருப்பு எவ்வளவு என்று அது சொல்லாது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் உங்களுக்கு வந்த மாதிரியான லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்தான். அதன் வழக்கமான கீமோவில் சினைப்பையைத் தாக்கும் மருந்துகள் பெரும்பாலும் குறைந்த அளவில்தான் இருக்கும். அப்படி எடுத்தவர்களில் நிறைய பேர் எந்த உதவியும் இல்லாமல் தாயாகியிருக்கிறார்கள். நோய் திரும்பி வந்து மறுபடி கீமோ எடுத்திருந்தாலோ, எலும்பு மஜ்ஜை மாற்று செய்திருந்தாலோ கணக்கு வேறு. தலைக்கு ரேடியேஷன் கொடுத்திருந்தால் அது இன்னொரு வழி: சினைப்பை நன்றாக இருந்தும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து உத்தரவு வராமல் போகலாம். அதற்கு ஹார்மோன் ஊசி உண்டு. இதில் நீங்கள் எந்த வகை என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது. ‘கீமோ எடுத்தேன்’ என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எந்த மருந்து, எவ்வளவு?

அந்த விவரம்தான் உங்களுக்கு இப்போது முதல் தேவை. எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரும் ‘சிகிச்சை முடிந்தது’ என்ற வரியும்தான் இருந்தன. இங்குள்ள டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மொத்த டோஸ் என்ன?” என்றார். என்னைக் காப்பாற்றியது அப்பாவின் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றும்போதும் காலி குப்பியைக் கையில் வாங்கி, லேபிளில் இருந்த பெயரையும் மில்லிகிராமையும் நீல மையில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்திலேயே என் எடை, உயரம், அன்றைக்கு வாந்தி எடுத்தேனா என்பதுவரை இருக்கும். அவருக்கு அந்த மருந்துப் பெயர்களின் அர்த்தம் தெரியாது. பின்னால் யாராவது கேட்பார்கள் என்று மட்டும் தோன்றியிருக்கிறது. டாக்டர் அந்தப் பக்கங்களை நகலெடுத்து, உடலின் பரப்பளவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சை எடுத்தார். அப்பா அதைக் கேட்டு ஃபோனில் அழுதார்.

எல்லோருக்கும் அப்படி நோட்டு இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் கோப்பு இருக்கும், அதுவும் நிரந்தரமாக இருக்காது. பல இடங்களில் சில வருடங்களுக்குப் பிறகு பழைய கோப்புகளை அழித்துவிடுவார்கள். அதனால் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

இரண்டாவது எச்சரிக்கை, மொழிபெயர்ப்புக்கு யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, நீண்ட நாள் இங்கே இருப்பவர், முதல் சந்திப்புக்கு உதவிக்கு வந்தார். நான் புற்றுநோய் என்று தமிழில் சொன்னதை அவர் ‘சின்ன வயதில் ஏதோ ரத்தக் கோளாறு’ என்கிற மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. பிறகு பாஷை புரிய ஆரம்பித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இன்று வரை ஆறவில்லை. நம்மவர்கள் நிறைய பேர் இப்படித்தான்: வந்து எத்தனை வருடமானாலும் இங்குள்ள டாக்டர்களிடம் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள், அப்புறம் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று குறை சொல்வார்கள். அரைகுறையாகச் சொன்னால் அரைகுறை வைத்தியம்தான் கிடைக்கும். பல நாடுகளில் ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும், ஃபோனிலாவது. கேட்டு வாங்குங்கள். தெரிந்தவர்களும் வேண்டாம், வீட்டுக்காரரும் வேண்டாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பிடிவாதமாக உட்கார்ந்து இந்த ஊர் மொழியைக் கற்றேன். மார்க்கெட்டுக்கான வார்த்தைகளுக்கு முன்பே சினைப்பை, கருப்பை, விந்தணு எல்லாம் எனக்கு இந்த மொழியில் தெரியும். இன்று என் உடம்பின் கதையை யார் துணையும் இல்லாமல் நானே சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

என்ன பரிசோதனை என்று கேட்டால், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஹார்மோனை அளக்கும் ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும், சினைப்பையில் வளரும் முட்டைப்பைகளை எண்ணும் ஸ்கேனும் முக்கியம். கருத்தடை மாத்திரை எடுத்தால் ஏஎம்ஹெச் குறைத்துக் காட்டலாம், அதைச் சொல்லிவிடுங்கள். எண் குறைவாக வந்தால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, காலம் குறைவாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் முட்டைகளை உறைய வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அதைச் சோதனை முறை என்று சொல்வதை நிறுத்திவிட்டது. என் எண் மிகக் குறைவு என்று தெரிந்ததும் நாங்கள் காத்திருக்கவில்லை. வாடகை வீடு, அவருக்கு நிரந்தர வேலை இல்லை, எனக்கு வேலையே இல்லை. எத்தனை பேர் புத்திமதி சொன்னார்கள்! சோதனைக் குழாய் முறையில் மகள் பிறந்தாள். புத்திமதியைக் கேட்டு இருந்திருந்தால் அவள் இல்லை.

கர்ப்பத்துக்கு முன் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் என்ற மருந்துகள் லுகேமியாவுக்கும் கொடுப்பவை. அவை இதயத் தசையைப் பலவீனமாக்கியிருக்கலாம். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும்போது தெரியும். எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்தால் போதும், அதை யாரும் தானாக நினைத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னைப் போல நெஞ்சில் ரேடியேஷன் ஆனவர்களுக்கு மார்பகப் பரிசோதனையும் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும். இடுப்பில் ஆனவர்களுக்குக் கருப்பை சரியாக விரியாமல் குறைப்பிரசவம் ஆகலாம் என்பதால் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

குழந்தைக்கும் புற்றுநோய் வருமோ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். எனக்கு இருந்தது. பரம்பரையாக வரும் சில வகைகளைத் தவிர, எடுத்துக்காட்டாகக் கண் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவின் பரம்பரை வகை, மற்றவற்றில் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கீமோ எடுத்ததால் குழந்தைகள் குறையோடு பிறப்பது அதிகமாகவில்லை என்றுதான் குணமானவர்களின் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன.

இதைப் படிக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. விந்தணுவை உண்டாக்கும் செல்கள், ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்களைவிட எளிதில் அழியும். அதனால் மீசை, குரல், உடலுறவு எதிலும் குறையில்லாமல் இருந்தும் விந்தணு இல்லாமல் போகலாம். சின்ன வயதில் கீமோ எடுத்த ஒருவர், மனைவியை மட்டும் டாக்டர் டாக்டராக அழைத்துக்கொண்டு போவதை நம்மவர்களிடையே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எத்தனை ஊசிகளைத் தாங்கினாள்! ஒரு விந்துப் பரிசோதனையில் முடிய வேண்டிய விஷயம். அதில் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும், விரையிலிருந்து நேரடியாகத் தேடி எடுக்கும் அறுவை முறை இருக்கிறது, சிலருக்குக் கிடைக்கிறது.

உங்களுக்கு வருகிறேன். இந்த வாரமே உங்கள் பழைய ஆஸ்பத்திரிக்கு, சிகிச்சைச் சுருக்கம் வேண்டும் என்று கடிதம் எழுதுங்கள். அன்றைய பதிவு எண், சிகிச்சை நடந்த வருடம், அன்று உங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்பது, அப்பா பெயர் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, ரேடியேஷன் என்றால் எந்த இடம், எத்தனை கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். நேரில் போய் வாங்க வீட்டில் ஒருவருக்குக் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அனுப்புங்கள், தபாலில் மட்டும் கேட்டால் பதில் வராமல் போகலாம். கையில் கிடைத்ததும் ஒரு நகலை இங்குள்ள டாக்டரிடம் கொடுத்து உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.