கையெழுத்துப் போடாத அக்ரிமென்ட், வராத சம்பளம்: சிங்கப்பூரில் என்ன செய்யலாம்?

தம்பி, கட்டுமான வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது, "நீ எந்த அக்ரிமென்ட்டிலும் கையெழுத்துப் போடலையே, எங்கே போய்க் கேட்பாய்" என்று முதலாளி சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். வேலை விவரங்களை 14 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டியது அவர் கடமை. 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம். கொடுக்காதது அவர் செய்த தப்பு, அதனால் உங்கள் சம்பளம் போய்விடாது.

உங்களிடம் வேறொரு தாள் இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன் வந்த ஐபிஏ கடிதம்தான் அது, அதாவது வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று முதலாளியே மனிதவள அமைச்சிடம் சொன்ன கணக்கு அதில் இருக்கிறது. உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அதைக் குறைக்க முடியாது. தொலைந்திருந்தால் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து, வீட்டுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது நீங்கள் போடாத கையெழுத்தைப் பற்றியல்ல, இனிமேல் போடப்போகும் கையெழுத்தைப் பற்றித்தான். தொகை எழுதாத வவுச்சர் (சம்பளம் வாங்கியதற்கான ரசீது), "முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாள், பழைய தேதி போட்ட சம்பளக் குறைப்புக் கடிதம், இவற்றை நீட்டினால் போடாதீர்கள். "படித்துப் பார்த்துத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த வவுச்சர்தான். காசு கையில் வராமலே வந்ததாக அது சொல்லிவிடும்.

கணக்கை நீங்களே போடப் பழகுங்கள். மார்ச் சம்பளம் ஏப்ரல் 7-க்குள் வர வேண்டும், மார்ச் மாத ஓடி (ஓவர்டைம்) காசு ஏப்ரல் 14-க்குள். பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்துக்கு 9,600. அதை 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 4.20 வெள்ளி. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, 6.29. மாதம் 60 மணி ஓடி செய்தால் 377 வெள்ளி வர வேண்டும். "மணிக்கு 4 வெள்ளி" என்று கொடுத்தால் 240-தான் வரும், மாதம் 137 வெள்ளி காணாமல் போகிறது. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம்.

இதையெல்லாம் நிரூபிக்க ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, சைட் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், சூப்பர்வைசர் பெயர் என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். டைம் கார்டைக் கொடுக்கும் முன் படம் எடுங்கள். "நாளை 7 மணிக்கு வா" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியும் சாட்சிதான், அழிக்காதீர்கள்.

புகாரை டிஏடிஎம்மில், அதாவது சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் அமைப்பில் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள். வேலை முடிந்துவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சில் பலருக்கு இந்தக் கெடு ஓடிப்போகிறது. முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே ஒத்துக்கொண்ட தொகையை எழுத்தில் வாங்கி, 4 வாரத்துக்குள் நீதிமன்றத்தில் பதிந்துவிடுங்கள்; பதியாவிட்டால் முதலாளி மறுபடி இழுத்தடிக்கும்போது பிடி இருக்காது. ஒத்துவராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலை, சம்பள வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே வக்கீல் கிடையாது, அவருக்கும் கிடையாது. பொதுவாக 20,000 வெள்ளி வரை கேட்கலாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகளான மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டரிலோ டிடபிள்யூசி2-விலோ கேளுங்கள்.

புகார் கொடுக்காமல் வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஆள் ஓடிவிட்டான் என்று அவர் அமைச்சிடம் சொல்லிவிடலாம். வெளியே கைக்காசு வேலைக்கும் போகாதீர்கள். அது உங்கள் பெயரில் குற்றமாகும், மறுபடி இங்கே வரவே முடியாமல் போகலாம். வழக்கு முடியும் வரை தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு. பெர்மிட் கேன்சலானால் தற்காலிகமாகத் தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும், ஆனால் அனுமதி இல்லாமல் அதில் வேலை செய்யக் கூடாது.

திடீரென்று டிக்கெட்டைக் கொடுத்து சாங்கி விமான நிலையத்துக்கு வண்டி ஏற்றினால் அங்கே சண்டை போட வேண்டாம். குடிநுழைவு கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போதே "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது, அமைச்சில் புகார் கொடுக்க வேண்டும்" என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். ஐபிஏவும் நோட்டும் பெட்டியில் போகக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.