மழை வருமா வராதான்னு தெரியாத நாள்ல கோல்ஃப் கிளப் மேட்ச்: எப்படி ரெடி ஆகறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல எங்க கோல்ஃப் கிளப்ல மேட்ச் ப்ளே (ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயிக்கறாங்கன்னு பாக்கற ஆட்டம்). வெதர் ஆப்ல 40 சதவீதம் மழைன்னு காட்டுது, காத்தும் இருக்குமாம். என் கோர்ஸ் ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைப் பொறுத்து கிடைக்கற ஸ்ட்ரோக் சலுகை) 20, எதிராளிக்கு 12. மழையில நான் ஆடினதே இல்ல, என்ன பண்ணணும்?"

அந்த 40 சதவீதம்ங்கறது உங்க இடத்துல அந்த நேரத்துல மழை விழறதுக்கான வாய்ப்பு மட்டும்தான், தூறலா கொட்டித் தீக்குமா, பத்து நிமிஷமா ரெண்டு மணி நேரமான்னு அதை வச்சு சொல்ல முடியாது. அதனால ஆப்பை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்துட்டு இருக்காம, ஆட்டம் நடுவுல வானிலை மாறும்னே வச்சுக்கிட்டு முந்தின நாள் ராத்திரியே பேக்கை கட்டி வச்சிடுங்க.

என் அனுபவத்துல மழை நாள்ல முதல்ல கெடறது கிரிப்தான், அதாவது மட்டையோட கைப்பிடி. ஒரு மேட்ச்ல நான் 1 அப் (ஒரு ஹோல் முன்னிலை), 14வது ஹோல், கையில இருந்தது ஒரே ஒரு லெதர் க்ளவ், அது நனைஞ்சு சொதசொதன்னு ஆயிடுச்சு. ட்ரைவர் (தூரமா அடிக்கற பெரிய மட்டை) கீழ இறங்கும்போதே கைக்குள்ள லேசா திரும்பினது தெரிஞ்சுது, பந்து நேரா வலது பக்க மரத்துக்குள்ள போயிடுச்சு. அந்த ஹோல் போனது கூட பரவால்ல, அதுக்கப்புறம் பயந்துபோய் இறுக்கிப் பிடிச்சு இறுக்கிப் பிடிச்சு அடுத்த ரெண்டு ஹோலையும் விட்டேன்.

அதனால லெதர் க்ளவ் குறைஞ்சது மூணு வேணும், ஜிப் கவர்ல போட்டு காய்ஞ்சபடியே வச்சிருங்க. முடிஞ்சா ரெய்ன் க்ளவ் ஒரு ஜோடி வாங்கிடுங்க, ரெண்டு கையிலயும் போடறது, அது நனைய நனைய நல்லா பிடிக்கும். டவல் ரெண்டு, ஒண்ணு பந்தும் கிளப் ஃபேஸும் (மட்டையில பந்து படற பக்கம்) துடைக்க, இன்னொண்ணு கிரிப்புக்கு மட்டும், அதை குடைக்குள்ள கம்பியில தொங்க விடுங்க. தூரம் பாக்கறது, எந்த கிளப், அதாவது எந்த மட்டைன்னு முடிவு பண்றது எல்லாத்தையும் குடைக்குள்ளேயே முடிச்சிடுங்க, கடைசியா கிரிப்பைத் துடைச்சுட்டு வெளிய வந்து உடனே அடிங்க. மழையில நின்னுக்கிட்டு நாலு ப்ராக்டிஸ் ஸ்விங் போட்டா துடைச்சதெல்லாம் வீண்.

ஈரமான ஃபேர்வேல (குட்டையா வெட்டின புல்வெளிப் பாதை) பந்து உருளாது, லாங் அயர்ன் மட்டைக்குப் பதிலா பந்தை சுலபமா தூக்கற ஹைப்ரிட் மட்டை எடுத்துக்கறது நல்லது, ஆனா ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும், பேக்ல மட்டை 14க்கு மேல இருந்தா மேட்ச் ப்ளேல ரெண்டு ஹோல் வரைக்கும் கழிச்சிடுவாங்க. கிரீனும் (குழியைச் சுத்தி இருக்கற வழுவழுப்பான புல்தரை) மெதுவாகும், குழியை நோக்கி பந்தை உருட்டற பட் அடிக்கும்போது கொஞ்சம் தெம்பா அடிங்க, வளைவைக் கம்மியா எடுங்க. எதிர்காத்துல ஒண்ணு ரெண்டு கிளப் பெருசா எடுத்து, கிரிப்பை கொஞ்சம் கீழ பிடிச்சு நிதானமா அடிங்க, ஓங்கி அடிச்சா ஸ்பின் ஏறி பந்து மேலதான் போகும்.

காலைல கொட்டுதேன்னு, கேன்சல்தான் ஆகும்னு நினைச்சு வீட்ல உக்காந்துடாதீங்க. போட்டியை நடத்தற கமிட்டி சொல்ற வரைக்கும் டீ டைம் (ஆட்டம் தொடங்கற நேரம்) டீ டைம்தான், அஞ்சு நிமிஷத்துக்குள்ள லேட்னா முதல் ஹோல் போச்சு, அதுக்கு மேலன்னா டிஸ்குவாலிஃபை. சீக்கிரமே போங்க, மேட்ச் ப்ளேல ரவுண்டுக்கு முன்னாடி கோர்ஸ்லயே ப்ராக்டிஸ் பண்ண ரூல்ல இடம் இருக்கு, கமிட்டி தடுக்காத வரைக்கும்.

தேங்கின தண்ணி விஷயத்துல நிறைய பேர் சும்மா விட்டுக் கொடுத்துடறாங்க. நீங்க நிக்கற இடத்துல, காலை அழுத்தி மிதிக்காமலே, தண்ணி மேல தெரிஞ்சா பெனால்டி இல்லாம ட்ராப் (பந்தை எடுத்து வேற இடத்துல போடறது) எடுக்கலாம். கிரீன்ல இன்னும் நல்லது, பந்து காய்ஞ்ச இடத்துல இருந்தாலும் பந்துக்கும் குழிக்கும் நடுவுல தண்ணி தேங்கியிருந்தா பந்தை நகர்த்தி வைக்கலாம். பங்கர்ல (மணல் குழி) மட்டும் கவனம், பங்கருக்குள்ளேயே ட்ராப் பண்ணா ஃப்ரீ, வெளிய எடுத்தா ஒரு பெனால்டி.

20க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம், உங்களுக்கு 8 ஸ்ட்ரோக் கிடைக்குது, இண்டெக்ஸ் (ஸ்ட்ரோக் கிடைக்கற ஹோல்களோட வரிசை எண்) 1லேருந்து 8 வரைக்கும் உள்ள ஹோல்ஸ்ல. அந்த எட்டுலயும் போகி (பார்ங்கற நிர்ணயிச்ச ஷாட் எண்ணிக்கையை விட ஒண்ணு கூட) எடுத்தாலே சலுகையைக் கழிச்சு உங்களுக்கு நெட் பார், இந்த மாதிரி நாள்ல எதிராளி அதை ஜெயிக்க பர்டி (பாரை விட ஒண்ணு கம்மி) போடணும். அங்க ஹீரோ ஷாட் வேண்டாம், தண்ணியைத் தாண்டறதுக்குப் பதிலா முன்னாடியே நிறுத்துங்க.

இடி சத்தம் கேட்டா மட்டும் ஸ்கோர், மேட்ச் எதையும் நினைக்காதீங்க, பாதி ஹோலா இருந்தாலும் நிறுத்துங்க, மின்னல் ஆபத்துன்னு நியாயமா தோணினா நீங்களே நிறுத்த ரூல் அனுமதிக்குது. நீளமா ஒரே சைரன்னா அடுத்த ஷாட் கூட அடிக்கக் கூடாது. தனி மரத்தடி, திறந்த கோல்ஃப் கார்ட், விரிச்ச குடை இதெல்லாம் வேண்டாம், கட்டிடத்துக்குள்ளயோ கதவு மூடின காருக்குள்ளயோ போயிடுங்க, கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளிய வராதீங்க. வெறும் மழைக்கு இந்தச் சலுகை கிடையாது, எதிராளியும் சம்மதிச்சு, போட்டியும் தாமதமாகாதுன்னாதான் நிறுத்தலாம். காத்திருக்கற நேரத்துல சாக்ஸை மாத்திக்கோங்க, திரும்ப ஆரம்பிக்கும்போது கவர்லேருந்து அடுத்த காய்ஞ்ச க்ளவ்வை எடுத்து மாட்டுங்க.