பழுப்பேறிய பவளத்துக்கு விளக்கைக் கூட்டலாமா?

கேள்வி: 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். வாங்கும்போது ஊதா நிறத்தில் இருந்த அக்ரோபோரா என்ற கிளைப்பவளம், இரண்டே மாதத்தில் பழுப்பாகிவிட்டது. வெளிச்சம் போதவில்லையோ என்று எல்இடி விளக்கை ஒரே நாளில் முழு அளவுக்குக் கூட்டினேன். இப்போது மேல்பக்கம் வெளுக்கிறது. பழைய நிறம் திரும்புமா?

பதில்: திசு உயிரோடு இருந்தால் திரும்பும். முதல் வேலையாக, விளக்கைப் பழைய அளவுக்கே இறக்குங்கள்.

பழுப்பும் வெளுப்பும் எதிரெதிர்க் கோளாறுகள். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அதன் நிறமே பழுப்புதான். நீரில் நைட்ரேட், பாஸ்பேட் மிகுந்தாலும் வெளிச்சம் குறைந்தாலும் அந்தப் பாசி அடர்ந்து, பவளத்தின் சொந்த நிறமிகளை மூடிவிடும். வெளிச்சமோ வெப்பமோ சட்டென்று ஏறினால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். கண்ணாடி போன்ற திசு வழியே வெள்ளைக் கூடு தெரியும். பாலிப்கள், அதாவது பவளத்தின் சிறு உயிர்கள், இன்னும் நீண்டால் அது வெறும் வெளுப்பு. திசுவே உரிந்து, கூடு வெறுமையாகத் தெரிந்தால் அந்த இடம் செத்துவிட்டது. உரிதல் பரவினால், நல்ல பகுதிக்குள் ஒரு செ.மீ. தள்ளி வெட்டி, துண்டைத் தனியாக ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, எதையும் ஊற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மி.கி., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மி.கி. இருக்கலாம். உங்கள் தொட்டியில் இவை அதிகமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் தீவனத்தைக் குறையுங்கள், ஸ்கிம்மரின் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) கோப்பையைக் கழுவுங்கள், வாரம் 10% நீரை மாற்றுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகளைப் போட்டால், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஒரே வாரத்தில் சுழியத்துக்கு இழுத்துவிட்டால் பவளம் பட்டினியில் வெளிறும், கூடவே பழுப்புச் சளிபோல டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படரும். அதை ஒழிப்பது பழுப்பேறிய பவளத்தைத் தேற்றுவதைவிடப் பெரிய பாடு.

உப்படர்த்தி ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், லிட்டருக்குக் கால்சியம் 400–450 மி.கி., மக்னீசியம் 1250–1350 மி.கி. இருக்கட்டும். இவற்றில் சிறு விலகலைப் பவளம் தாங்கிக்கொள்ளும். ஆவியான நீருக்கு ஈடாக ஆர்ஓ-டிஐ (வடிகட்டி உப்புகளை நீக்கிய) நன்னீரை மட்டுமே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

காரத்தன்மைதான் கண்டிப்பானது. அதன் அலகு டிகேஎச். 8 முதல் 9 டிகேஎச் வரைக்குள் எந்த எண்ணாக இருந்தாலும் சரி, அது தினமும் மாறாமல் நிற்க வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைந்த நீரில் காரத்தன்மை 10, 11 என்று ஏறினால் கிளை நுனிகள் கருகியதுபோல வெளுக்கும். குறைந்திருந்தால், 100 லிட்டர் நீருக்கு 3 கிராம் சமையல் சோடா ஏறத்தாழ 1 டிகேஎச் உயர்த்தும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். கல்லும் மணலும் இடம் பிடிப்பதால் உங்கள் தொட்டியில் உண்மையான நீர் 80–85 லிட்டர்தான் இருக்கும், 2.5 கிராம் போதும். ஆர்ஓ-டிஐ நீரில் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில் மெல்ல ஊற்றுங்கள்.

வெளுப்பு நின்று பாலிப்கள் நன்றாக விரிந்தபின் விளக்குக்குத் திரும்பலாம். வாரத்துக்கு 5% வீதம் மட்டும் கூட்டுங்கள். அக்ரோபோராவுக்கு 200–350 'பார்' (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும். மென்பவளம் 50–100லேயே நன்றாக இருக்கும். பார் மீட்டரை இரவல் வாங்கியாவது பவளம் நிற்கும் இடத்திலேயே அளந்துவிடுங்கள், விளக்கின் சதவீதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று: விற்கும் இடங்களில் பெரும்பாலும் நீல ஒளிதான் எரியும். அதில் ஒளிரும் புரதங்கள் பளிச்சென்று தெரியும், பழுப்பு அமுங்கிவிடும். ஆகவே நீங்கள் வாங்கும்போது பார்த்த ஊதாவில் ஒரு பங்கு விளக்கினுடையது. மாற்றத்தை எடைபோட வாரம் ஒருமுறை, ஒரே வெள்ளை ஒளியில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். புது நிறம் கிளை நுனிகளில்தான் முதலில் ஏறும். அடிப்பகுதி தேற இன்னும் பல வாரங்கள் ஆகும்.