இடைக்கால ஐரோப்பியக் கவசம், குலச்சின்னங்களை வைத்து மண்டலா வரைவது எப்படி?

ஏ4 தாளில் வட்டத்தை 45 டிகிரி வீதம் 8 பாகமாகப் பிரியுங்கள். ஒற்றைப்படை வேண்டாம், இரு நிறங்களை மாற்றி மாற்றிப் போடும்போது ஓரிடத்தில் ஒரே நிறம் அடுத்தடுத்து வந்துவிடும்.

ஒவ்வொரு பாகத்திலும் குலச்சின்னம் தாங்கும் ஒரு கேடயம்; அதன் கூர்முனை மையத்தைப் பார்க்க வேண்டும். முனை மையத்திலிருந்து 3 செ.மீ., மேல்விளிம்பு 7 செ.மீ., அகலம் 3.5 செ.மீ. என வையுங்கள். முனையை இன்னும் உள்ளே தள்ளினால் கேடயங்களின் வயிறு ஒன்றோடொன்று முட்டும்.

வெளியே வளையக் கவசப் பட்டை, அதாவது சிறு உலோக வளையங்களைக் கோத்த கவசம்போல் ஒரு பட்டை. பலரும் சொதப்புவது இங்கேதான். அசலில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். வட்டத்தில் வெளிவரிசை நீளம் கூடுவதால், ஒரே அளவு வளையங்களைப் போட்டால் வரிசைகள் பிசகும். எண்ணிக்கையை மாற்றாமல் அளவை மாற்றுங்கள். 8 செ.மீ. ஆரத்தில் 48 வளையங்கள், அதாவது 7.5 டிகிரிக்கு ஒன்று, விட்டம் 1.3 செ.மீ. அடுத்த வரிசை 8.8 செ.மீ. ஆரத்தில், அதே 48, சற்றே பெரிதாக, அரைப்படி (3.75 டிகிரி) தள்ளி. இரண்டு வரிசை போதும்.

கேடயங்களுக்கு இடையே 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மாக்சிமிலியன் கவசத்தின் வரிப்பள்ளங்களை விசிறிபோல் இழுக்கலாம். எல்லாக் கோடுகளும் மையம் வரை போனால் கருப்புத் திட்டாகிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்துங்கள்.

நிறத்தில் குலச்சின்ன மரபு தெளிவானது: பொன், வெள்ளி உலோகங்கள்; சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ வண்ணத்தின் மேல் வண்ணமோ கூடாது. நீலத்தில் பொன் லில்லி மலர்ச் சின்னம் எடுபடும்; சிவப்பில் நீலச் சிங்கம் தூரத்தில் தெரியாது. லில்லி தானே இருபக்கச் சமச்சீர் கொண்டது. சிங்கம் ஒரு பக்கம் பார்ப்பது; அதுதான் வேண்டுமென்றால் எதிரெதிர் ஜோடிகளாக வரையுங்கள்.